அஞ்சு சோப்பும் ஒரே டப்பாலதானே போகுது?

கேள்வி: வீட்லயே சோப்பு செஞ்சு சொந்த வெப்சைட்ல விக்கிறேன் சார். ஷிப்பிங் ஒரு சோப்புக்கு 60னு போட்டிருந்தேன். ஒருத்தங்க 5 சோப்பை கார்ட்ல போட்டதும் சைட்டு 300 கேட்டிருக்கு, "நான் சோப்பு வாங்குறேனா இல்ல ஷிப்பிங் வாங்குறேனா"ன்னு மெசேஜ் போட்டுட்டு போயிட்டாங்க. எத்தனை வாங்கினாலும் ஒரே 60னு வெச்சுட்டா கட்டுப்படியாகுமா?

பதில்: அவங்க கேட்டது நியாயந்தாங்க, அஞ்சும் ஒரே டப்பாலதானே போகப்போகுது. ஆனா பயந்துபோய் எல்லாத்துக்கும் 60னு வெச்சீங்கன்னா அடுத்தது அழப்போறது நீங்க. ஷிப்பிங்ல ரெண்டு செலவு கலந்து கிடக்கு. பார்சல்னு ஒன்னு கிளம்பினாலே வர்றது ஒன்னு, அதாவது டப்பா, டேப்பு, கூரியரோட முதல் ஸ்லாப் (எடையை அடுக்கடுக்கா பிரிச்சு வெச்சிருக்கற ரேட்டு). இன்னொன்னு எடை ஏற ஏற ஏறுறது. முதல் சோப்பு ரெண்டையும் சுமக்கணும், அடுத்தடுத்த சோப்பு ரெண்டாவதை மட்டும் சுமந்தா போதும்.

கிச்சன் தராசை எடுத்து பக்கத்துல வெச்சுக்குங்க. சோப்பு உறையோட 120 கிராம், காலி டப்பா பேக்கிங்கோட 90 கிராம்னு வெச்சுக்குவோம். ஒரு சோப்பு பார்சல் 210 கிராம், மூணு சோப்பு 450. நிறைய கூரியர்ல 500 கிராம் ஒரு ஸ்லாப், அதனால ஒன்னு அனுப்பினாலும் மூணு அனுப்பினாலும் உங்க கையை விட்டு போறது அதே 60தான். நாலாவது சோப்பு உள்ள வந்ததும் 570, அடுத்த ஸ்லாபுக்கு தாவிடும். அந்த ஸ்லாபுக்கு 40 கூடுதல்னா உங்க செலவு 100. அதே 100லயே ஏழு சோப்பு வரைக்கும் போகலாம், 930 கிராம்தான் வரும், எட்டாவதுலதான் மறுபடி தாவும்.

இப்ப கூடுதல் சோப்புக்கு எவ்ளோ வாங்குறது? ஒரு ஸ்லாபுக்குள்ள சுமாரா நாலு சோப்பு அடங்குது, ஸ்லாபோட விலை 40, நாலால வகுத்தா 10. ஆக முதல் சோப்புக்கு 60, அப்புறம் ஒவ்வொன்னுக்கும் 10. மூணு வாங்கினா 80 வசூல், உங்களுக்கு 20 மிச்சம், நாலு வாங்கினா 90 வசூல் 10 கையை கடிக்கும், அஞ்சுன்னா 100க்கு 100 சரியா போச்சு. 300 கேட்ட இடத்துல 100! ஊகாமர்ஸ்னா (வெப்சைட்ல கடை வைக்கற மென்பொருள்) ஃபிளாட் ரேட் பெட்டியில எண்ணிக்கையை வெச்சு ஃபார்முலாவே எழுதலாம், 50 கூட்டல் எண்ணிக்கை பெருக்கல் 10னு போட்டா மேல சொன்ன கணக்கு அப்படியே வரும். எட்ஸில (கைவினைப் பொருள் விக்கிற ஆன்லைன் சந்தை) முதல் பொருளுக்கு ஒரு ரேட்டு கூடுதல் பொருளுக்கு ஒரு ரேட்டுன்னு ரெண்டு பெட்டியே தனித்தனியா இருக்கு.

கேள்வி: நான் பீங்கான் மக்கும் (பெரிய கப்) சோப்பும் விக்கிறேன். மக்கு 400 கிராம்தான், ஆனா கூரியர்ல 1.6 கிலோவுக்கு பில் போடறாங்க. ரெண்டையும் சேத்து ஒருத்தர் வாங்கினா எதோட ஷிப்பிங்கை போடறது?

பதில்: உங்கள யாரும் ஏமாத்தலைங்க, அது வால்யூம் எடை. நீளம், அகலம், உயரம் மூணையும் சென்டிமீட்டர்ல பெருக்கி 5000ஆல வகுப்பாங்க, அதுவும் தராசு எடையும் எது அதிகமோ அதுக்குத்தான் காசு. உங்க டப்பா 20க்கு 20க்கு 20ஆ இருக்கும்னு நினைக்கிறேன், 8000ஐ 5000ஆல வகுத்தா அதே 1.6. (சிலர் 4000, 6000ஆலயும் வகுக்கிறாங்க, உங்க கூரியரோட ரேட் கார்டை பாத்துக்குங்க.) நானே ஒரு தடவை லேம்ப் ஷேடு வித்தப்ப, காத்து மாதிரி இருக்கேன்னு கம்மியா ஷிப்பிங் போட்டு வந்த லாபத்தை மொத்தமா கூரியருக்கு தூக்கி குடுத்தவன்தான்.

ரெண்டு மக்கை பக்கத்துல பக்கத்துல வெச்சு 30க்கு 20க்கு 20 டப்பால போட்டா 2.4 கிலோ, தனித்தனியா அனுப்பினா 3.2. அதனால ரெண்டாவது மக்குக்கு, எடை ஏறுறதுல, முதல் மக்கோட பாதிதான் வரும். சோப்பு விஷயம் இன்னும் ஜோர். மக்கு டப்பாவோட மூலையில அஞ்சு சோப்பு சொருகினாலும், பேக்கிங்குக்கு 200 கிராம் வெச்சு பாத்தா கூட தராசு எடை 1.2 கிலோதான் காட்டும், பில்லு ஏற்கனவே 1.6க்கு போட்டாச்சு, சோப்பு ஓசி பயணம்! ஊகாமர்ஸ்ல ஷிப்பிங் கிளாஸ் (ஒரே ரேட்டுல போற பொருள்களோட பிரிவு) பிரிச்சு வெச்சிருந்தா ஒவ்வொரு கிளாஸுக்கும் தனித்தனியா வாங்குறதா, இல்ல அதிக ரேட்டு உள்ள கிளாஸுக்கு மட்டும் வாங்குறதான்னு கேக்கும், ரெண்டாவதை வைங்க. ஷாப்பிஃபைல (அதுவும் ஆன்லைன் கடை நடத்துற சேவைதான்) மக்கையும் சோப்பையும் வேற வேற ஷிப்பிங் ப்ரொஃபைல்ல (ரேட்டு தொகுப்பு) போட்டுடாதீங்க, ரெண்டு ரேட்டையும் கூட்டி கேக்கும். நிஜமாவே ரெண்டு டப்பாவா போற பொருளுக்குத்தான் அது.

கேள்வி: எல்லாரும் ஃப்ரீ ஷிப்பிங் ஃப்ரீ ஷிப்பிங்னு கேக்கறாங்க, எவ்ளோ தொகைக்கு மேல வைக்கலாம்?

பதில்: அடுத்த கடைக்காரர் எவ்ளோ வெச்சிருக்காருன்னு பாக்காதீங்க. உங்க கடைசி 50 ஆர்டரை எடுத்து தொகை வாரியா வரிசைப்படுத்தி நடுவுல எது நிக்குதுன்னு பாருங்க. மேல சொன்ன சோப்பையே எடுத்துக்குவோம், ஒன்னு 100, அதுல லாபம் 40, நடு ஆர்டர் நாலு சோப்பு. இன்னைக்கு அந்த ஆர்டர்ல லாபம் 160, ஷிப்பிங் வசூல் 90, செலவு 100, நிக்கிறது 150. 600க்கு மேல ஃப்ரீன்னு வெச்சா அவர் ஆறு சோப்பு எடுப்பார், 240 லாபத்துல 100 போயி 140, ரெண்டு சோப்பு கூட வித்தும் 10 நஷ்டம். அதையே 700னு வெச்சா 280ல 100 போயி 180 நிக்கும், ஸ்லாபும் தாவாது. வெறும் ஒரு சோப்பு வித்தியாசம்தான். அப்புறம் கூப்பன் குடுக்கறவங்க, கழிவுக்கு முன்னாடி தொகையை பாக்கணுமா பின்னாடியான்னு செட்டிங்ஸ்ல ஒரு டிக் இருக்கும், அதை பாக்காம விட்டா 700க்கு வாங்கி 10 சதவீத கூப்பன் போட்டவருக்கு 630ன்னு காட்டி ஷிப்பிங் கேட்டுடும், சண்டைக்கு வருவாங்க.

கேள்வி: ஒரே ஆள் காலைல ஒரு சோப்பு, சாயங்காலம் ஒரு சோப்புன்னு ரெண்டு ஆர்டர் போட்டு "சேத்து அனுப்புங்க"ன்னு சொன்னா?

பதில்: முதல் பார்சலுக்கு லேபிள் போடலைன்னா, ரெண்டுலயும் ஒரே அட்ரஸ்தானான்னு பாத்துட்டு சேத்துடுங்க. 120 வாங்கியிருக்கீங்க, ஒரே ஆர்டரா இருந்தா 70தான், மிச்சம் 50ஐ அவர் கேக்கறதுக்கு முன்னாடியே திருப்பிடுங்க. ஆனா ரெண்டாவது ஆர்டரை மொத்தமா கேன்சல் பண்ணி மறுபடி போடச் சொல்லாதீங்க, நிறைய பேமெண்ட் கேட்வே (ஆன்லைன்ல காசு வசூலிச்சு குடுக்கற சேவை) ரீஃபண்ட் பண்ணாலும் முதல்ல பிடிச்ச கட்டணத்தை திருப்பி தர்றதில்ல.