பத்து வயதுக் குழந்தைக்கு அடிமை வாழ்வைப் பற்றிய நாவலைப் படிக்கக் கொடுக்கலாமா?

கொடுக்கலாம், ஆனால் கொடுத்துவிட்டு அடுத்த அறைக்குப் போய்விடாதீர்கள். பரிசு பெற்ற நூல் என்ற நம்பிக்கையில் ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு, என்னைப் போலவே நீங்களும் தயங்கிக்கொண்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன்.

நான் என் மகளுக்கு வாசித்தது, எலிசபெத் யேட்ஸ் எழுதி 1951ஆம் ஆண்டு, சிறுவர் இலக்கியத்துக்கான அமெரிக்க விருதான நியூபெரி பதக்கம் பெற்ற ‘ஆமோஸ் ஃபார்ச்சூன், ஃப்ரீ மேன்’. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமையாகக் கொண்டுவரப்பட்டு, அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் தோல் பதனிடும் தொழில் செய்து, ஏறத்தாழ 60 வயதில் தம் விடுதலையைத் தாமே விலைக்கு வாங்கிய உண்மை மனிதரின் கதை அது. இரவுக்கு ஓர் அத்தியாயமாக ஆங்கிலத்தில் படித்துத் தமிழில் சொல்லி வந்தேன். விலை கொடுக்கும் இடம் வந்ததும் அவள் போர்வையைத் தள்ளிவிட்டு எழுந்து உட்கார்ந்து, “அவரைப் பிடிச்சுட்டு வந்தவங்கதானேம்மா காசு தரணும்? அவர் எதுக்குத் தந்தார்?” என்று கேட்டாள். அந்தக் காலத்துச் சட்டம் அப்படி என்று சொல்லி விளக்கை அணைத்தேன். அது பதில் அன்று என்பது எங்கள் இருவருக்குமே தெரிந்திருந்தது.

நாவலிலும் அதற்கு விடை இல்லை. ஆமோஸ் அதில் பொறுமையே உருவாக வருகிறார். அதற்காக அந்நூலைக் குறை கூறியவர்கள் உண்டு, நானும் அவர்கள் பக்கம்தான். 1950இல் வெளிவந்த நூலை இன்றைய அளவுகோலால் அளப்பதா என்று சிலர் சண்டைக்கு வருவீர்கள். ஆசிரியரின் நல்லெண்ணத்தை நான் ஐயப்படவில்லை. ஆனால் படிப்பது இன்றைய குழந்தை அல்லவா?

நியூ ஹாம்ப்ஷயரின் ஜாஃப்ரி ஊரில், 1801இல் இறந்த ஆமோஸின் கல்லறைக் கல் இன்றும் இருக்கிறது. ஆப்பிரிக்காவில் சுதந்திரமாகப் பிறந்தவர், அமெரிக்காவில் அடிமை, விடுதலையை விலைக்கு வாங்கியவர் என்று அதில் பொறித்திருக்கிறார்கள். பக்கத்தில் அவர் மனைவி வயலட். 1779இல் அவரையும் ஆமோஸ் பணம் கொடுத்தே மீட்டு, மறுநாள் மணந்தார். விற்பனையால் ஆமோஸின் அடிமை, திருமணத்தால் மனைவி என்கிறது வயலட்டின் கல். பல நாள் கழித்து அதன் படத்தைக் காட்டியபோது, என் மகள் அந்த வரியை மட்டும் மூன்று முறை படிக்கச் சொன்னாள்.

முதலில் அந்தக் கல்லின் படத்தைக் காட்டிவிட்டு, பிறகு நாவலைத் தொடங்குங்கள். நான் வரிசையை மாற்றிச் செய்துவிட்டேன்.