‘சரி’ என்ற மறுப்பு

அன்புள்ள ஐயா,

எனக்குத் திருமணமாகிப் பதினொரு ஆண்டுகள் ஆகின்றன. என் கணவர் குடிப்பதில்லை, அடிப்பதில்லை, குரலை உயர்த்துவதுகூட இல்லை. உறவினர்கள் அவரைத் தங்கமான மனிதர் என்கிறார்கள். எதைக் கேட்டாலும் ‘சரி’ என்பார். ஆனால் காரியம் நடக்காது. சென்ற மாதம் என் அம்மாவுக்குக் கண்புரை அறுவைச் சிகிச்சை. திண்டுக்கல்லிலிருந்து அம்மாவை மதுரைக்கு அழைத்து வருவதாக இரண்டு வாரங்களுக்கு முன்பே ஒப்புக்கொண்டவர், அன்று காலை அலுவலகத்துக்குக் கிளம்பிவிட்டார். “மறந்துட்டேன், நீ நேத்தே ஞாபகப்படுத்தியிருக்கலாமே” என்றார். நான் கத்தினேன். என் மகள் “அப்பா பாவம்” என்றாள். அடுத்த மாதம் அம்மாவின் மற்றொரு கண்ணுக்கும் சிகிச்சை இருக்கிறது. இதைப் ‘பாசிவ் அக்ரெசிவ்’ என்கிறார்களாமே, இது நோயா? அவர் வேண்டுமென்றே செய்கிறாரா? என் பெயரை வெளியிட வேண்டாம்.

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மகள் சொன்ன அந்த இரண்டு சொற்களைக் கடந்து செல்ல எனக்கு நெடுநேரம் பிடித்தது. இத்தகைய உறவில் கோபம் ஆள் மாறிவிடுகிறது. கோபம் கொண்டவர் சாந்தமாக அமர்ந்திருக்க, அவருடைய கோபத்தையும் சேர்த்து மற்றவர் கத்தித் தீர்க்கிறார். பார்ப்பவர்களின் கண்ணுக்குக் கத்தியவர் மட்டுமே தெரிகிறார். பதினொரு ஆண்டுகளாக இரண்டு பேருக்கான கோபத்தை நீங்கள் ஒருவரே சுமந்து வந்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன்.

இது நோயா என்று கேட்டிருந்தீர்கள். அந்தச் சொல் பிறந்த இடம் நமக்கு உதவக்கூடும். 1945ஆம் ஆண்டு அமெரிக்கப் போர்த்துறையின் மருத்துவக் குறிப்பொன்றில், படையில் பணியாற்றிய உளவியல் மருத்துவர் வில்லியம் மெனிங்கர், கட்டளையை வெளிப்படையாக மீறாமல், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டும் தள்ளிப்போட்டும் வேலையை அரைகுறையாகச் செய்தும் எதிர்ப்பைக் காட்டிய சிப்பாய்களை விவரிக்க அதைப் பயன்படுத்தினார். 1952இல் அமெரிக்க உளவியல் மருத்துவர்களின் நோய்ப் பட்டியலில் அது ஓர் ஆளுமைக் குறைபாடாக இடம்பெற்றது. 1994இல் பின்னிணைப்புக்குத் தள்ளப்பட்டது. 2013ஆம் ஆண்டுப் பதிப்பில் நீக்கப்பட்டது. ஆகவே நோயின் பெயராக அதை உங்கள் கணவர்மேல் ஒட்ட வேண்டாம். ஆனால் அந்தச் சிப்பாயை மறக்காதீர்கள். ‘முடியாது’ என்று சொன்னால் தண்டனை கிடைக்கும் இடத்தில், ‘சரி’ என்று சொல்லிவிட்டுச் செய்யாமல் இருப்பது மட்டுமே அவனுக்கு எஞ்சிய மறுப்பு.

நம் வீடுகளில் பல ஆண்பிள்ளைகள் வளர்ந்த விதமும் அதுதான். “மாட்டேன்” என்று சொன்ன சிறுவன் எதிர்த்துப் பேசியவன் ஆனான், அடி வாங்கினான். தலையாட்டிவிட்டு நழுவியவன் நல்ல பிள்ளை என்று பெயர் எடுத்தான். பெண்களுக்கும் இது புதிதன்று. மாமியாரிடம் ஒரு சொல் மறுத்துப் பேச முடியாத மருமகள், பாத்திரத்தை நங்கென்று வைத்ததையும், “ஒண்ணுமில்லை” என்று சொல்லி நாள் முழுவதும் வாய் திறக்காததையும் என்னால் குற்றமென்று எளிதாகச் சொல்ல இயலவில்லை. வேறு மொழி அவளுக்குத் தரப்படவே இல்லை.

வேண்டுமென்றே செய்கிறாரா என்ற உங்கள் கேள்விக்கு என் அனுபவத்திலிருந்தே பதில் சொல்கிறேன். என் திருமண வாழ்வின் முதல் ஆண்டுகளில் நானும் இதைச் செய்தவன். மறந்துவிட்டேன் என்று நான் சொன்னபோதெல்லாம் அது பொய்யாக இருக்கவில்லை, உண்மையாகவே மறந்திருந்தேன். ஆனால் எனக்குப் பிடித்த ஒரு வேலையைக்கூட நான் மறந்ததில்லை என்பதை என் மனைவி ஒருநாள் அமைதியாகச் சுட்டிக்காட்டியபோதுதான், என் மறதிக்குள் ஒரு விருப்பமின்மை இருந்ததையும், அதைச் சொல்லும் துணிவு எனக்கு இல்லாமற்போனதையும் கண்டுகொண்டேன். ஆகவே, “வேண்டுமென்றே செய்தீர்கள்” என்று நீங்கள் குற்றம் சாட்டினால் அவர் மனதார மறுப்பார், நீங்களும் தோற்றுப்போவீர்கள். அவருடைய நோக்கத்தை விட்டுவிட்டு, நிகழ்ந்ததை மட்டும் பேசுங்கள்: இரண்டு வாரங்களுக்கு முன் சரி என்றீர்கள், அன்று அம்மா வாசலில் காத்திருந்தார், நீங்கள் வரவில்லை.

இதை ஊடல் என்று கருதிப் பொறுத்துப்போகச் சொல்பவர்களும் இருப்பார்கள். நான் உடன்படவில்லை. ஊடலில் கோபம் முகத்தில் எழுதி வைக்கப்பட்டிருக்கிறது; தணிக்கப்பட வேண்டும் என்பதற்காகவே அது காட்டப்படுகிறது. அதையும் உணவில் இடும் உப்பைப்போல அளவோடு வைக்க வேண்டும், நீட்டித்தால் உப்பு மிகுந்ததாகிவிடும் என்று குறள் எச்சரிக்கிறது. உங்கள் வீட்டிலோ கோபம் இருப்பதையே ஒருவர் ஒப்புக்கொள்வதில்லை. இல்லாத கோபத்தை எவரால் தணிக்க முடியும்?

சண்டையின் நடுவே அவர் பேசாமல் எழுந்து போவதுண்டு என்றால், அதை உடனே தண்டனையாகக் கொள்ளாதீர்கள். தம்பதியரைப் பல்லாண்டுகள் ஆராய்ந்த ஜான் காட்மன், இதயத்துடிப்பு நிமிடத்துக்கு நூறைத் தாண்டிய நிலையில் ஒருவரால் மற்றவர் பேச்சைச் சரிவரக் கேட்கவே இயலாது என்றும், குறைந்தது 20 நிமிட இடைவெளியாவது வேண்டும் என்றும் சொல்கிறார். ‘பிறகு பேசலாம்’ என்று சொல்லிவிட்டுப் போய்த் திரும்பி வருபவரின் மௌனம் வேறு. வாரக்கணக்கில் நீளும் மௌனம் வேறு. அத்துடன் வீட்டுச் செலவுக்குப் பணம் தராமலும் வாட்டுவாரென்றால், அது நான் இங்கே பேசும் விஷயமே அல்ல. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் மனத்தளவிலான, பொருளாதார வகைத் துன்புறுத்தல்களையும் உள்ளடக்கியது. உங்கள் கடிதத்தில் அதற்கான அடையாளம் இல்லை. ஆனால் இதை வாசிக்கும் வேறு சிலருக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

அடுத்த மாதச் சிகிச்சைக்கு வருவோம். “அழைத்து வருகிறீர்களா?” என்று கேட்காதீர்கள், அதற்கு அவரிடம் ‘சரி’ என்ற ஒரு பதில்தான் இருக்கிறது. “அன்று உங்களால் முடியுமா, முடியாதா? முடியாதென்றால் வாடகை வண்டி சொல்லிவிடுகிறேன், எனக்கு வருத்தமில்லை” என்று கேளுங்கள். அவர் முடியாது என்றால், பதினொரு ஆண்டுகளில் அவர் உங்களிடம் சொன்ன முதல் நேரடி மறுப்பாக அது இருக்கலாம்; அதை ஏற்றுக்கொள்ளுங்கள், பிறகு ஒருநாளும் அதைச் சொல்லிக் காட்டாதீர்கள். முடியும் என்று சொன்னால் நினைவூட்டும் பொறுப்பையும் அவரிடமே விட்டுவிடுங்கள். முதல் நாள் இரவே அவர் அத்தையைத் தொலைபேசியில் அழைத்து, எத்தனை மணிக்கு வருகிறார் என்பதைத் தம் வாயாலேயே சொல்லட்டும்.