பட்டாளத்துக்காரர்கள் பேய் பிசாசிடம் மாட்டிக்கொள்ளும் சின்ன பட்ஜெட் படங்களில் எது உருப்படி?

டாக் சோல்ஜர்ஸ். 2002-ல் வந்த பிரிட்டிஷ் படம், நீல் மார்ஷல் இயக்கிய முதல் முழுநீளப் படம். நீங்கள் பேய் கேட்டீர்கள், இதில் வருவது ஓநாய் மனிதர்கள், பரவாயில்லை என்றால் மேலே படியுங்கள்.

ஸ்காட்லாந்து மலைக்காட்டில் ஆறு பேரைப் பயிற்சிக்கு இறக்கிவிடுகிறார்கள். பயிற்சிதானே, அதனால் துப்பாக்கியில் இருப்பதெல்லாம் பிளாங்க், சத்தம் வரும், குண்டு வராது. எதிரணியாக நிற்க வேண்டிய சிறப்புப் படையைத் தேடிப் போனால் அந்த முகாமே குதறிக் கிடக்கிறது, மிச்சம் ஒரே ஒரு அதிகாரி (கேம் ஆஃப் த்ரோன்ஸில் டாவோஸாக வந்த லியாம் கன்னிங்ஹாம்). அப்புறம் ஒரு பண்ணை வீட்டுக்குள் புகுந்துகொண்டு விடியும்வரை தாக்குப்பிடிக்க வேண்டும், அவ்வளவுதான் கதை.

இதை நான் பார்த்தது தேன்கனிக்கோட்டை தாண்டி இருக்கும் மாமா வீட்டில். மாமா ஹவில்தாராக இருந்து ரிட்டயர் ஆனவர், இப்போது ராகி போடுகிறார். கதிர் முற்றும் நேரத்தில் பன்னேர்கட்டா பக்கமிருந்து யானைக் கூட்டம் ஜவளகிரி வழியாக இறங்கும், ராத்திரிக் காவலுக்குப் போகிறவர் கையில் டார்ச்சும் பட்டாசும்தான் இருக்கும். பிளாங்க் விஷயம் வந்ததும் மனுஷன் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். "வெறும் சத்தம்னு அதுக்குத் தெரியாத வரைக்கும்தான் மாப்ள நம்ம பொழப்பு" என்றார். ஓநாய் மனிதனைப் பற்றி அவர் சொன்னது மொத்தமே அதுதான்.

ஒரு இடத்தில் இருட்டுக்குள்ளிருந்து கிழிபட்ட மாடு ஒன்று இவர்கள் உட்கார்ந்திருக்கும் இடத்தில் வந்து விழும். நான் பயத்தில் கத்தினேன், மாமா படத்தை நிறுத்தச் சொல்லிவிட்டு டார்ச்சை எடுத்துக்கொண்டு கொட்டகையில் மாட்டைப் பார்க்கப் போய்விட்டார்!

படம் எனக்குப் பிடித்ததற்குக் காரணமே இந்த மாதிரி சில்லறை விஷயங்கள்தான். ஓநாய் வந்த பிறகும் அவர்கள் பட்டாளத்துக்காரர்களாகவே நடந்துகொள்கிறார்கள், டிவியில் ஃபுட்பால் மேட்ச் பார்க்க முடியவில்லையே என்று புலம்புகிறார்கள், யாரிடம் எத்தனை ரவுண்டு (தோட்டா) மிச்சம் என்று பார்க்கிறார்கள், வயிறு கிழிந்த சார்ஜெண்டுக்கு சூப்பர் க்ளூ போட்டு ஒட்டுகிறார்கள். ரவுண்டு கணக்கு வந்தபோது மாமா தலையை ஆட்டினார். பட்டாளத்தில் ஃபயரிங் முடிந்து, சுட்ட தோட்டாவின் காலி கேஸ் ஒன்று குறைந்தாலும் தேட விடுவார்களாம்.

காசு கம்மி என்பது தெரியும். ஸ்காட்லாந்து என்று சொல்லிவிட்டுப் பெரும்பகுதியை லக்சம்பர்க்கில் எடுத்திருக்கிறார்கள். ஓநாய்கள் கிராபிக்ஸ் இல்லை, உடை மாட்டிய ஆட்கள், அதனால் ஜன்னலில் ஒரு கை, கதவிடுக்கில் ஒரு மூக்கு என்று பாதி பாதியாகவே காட்டுவார்கள், அதுதான் நல்லதாகப் போயிற்று. கடைசியில் முழுசாகக் காட்டும்போது எனக்குக் கொஞ்சம் சிரிப்பு வந்தது, பொய் சொல்ல மாட்டேன். பின்பாதியில் வரும் ஒரு திருப்பமும் முன்கூட்டியே பிடிபட்டுவிடும்.

சப்டைட்டில் போட்டுப் பாருங்கள், அவர்கள் பேசும் இங்கிலீஷ் நமக்கு ஏறாது. சின்னப் பசங்கள் தூங்கின பிறகு.