முதலாளியைக் கட்டியவர் என்பதோடு முடிந்துவிடுமா?

கேள்வி: நான் ஜேர்மனியில் ஹாம் நகரில் இருக்கிறேன். பல் வைத்தியர் ஒருவரிடம் உதவியாளராக வேலை. போன மாரியில் என் அம்மாவுக்குப் பாரிசவாதம் வந்தது. வைத்தியசாலையில் தந்த கையேட்டில், பாரிசவாத அறக்கட்டளை ஒன்றைத் தொடங்கிய லிஸ் மோன் என்பவரின் பெயரைப் பார்த்த மகள், பத்தாம் வகுப்பில் படிப்பவள், அவரைப் பற்றியே பாடசாலையில் பேசப்போவதாக நிற்கிறாள். “முதலாளியைக் கட்டி மேலே வந்தவரைப் பற்றிப் பேச என்ன இருக்கு? வேற ஆளைப் பார்” என்கிறார் கணவர். வீட்டில் ஒரே சண்டை. நான் யார் பக்கம் நிற்பது?

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

அம்மாவுக்கு இப்போது எப்படி இருக்கிறது? கை கால் பழையபடி அசைய நாள் எடுக்கும். மனம் தளரவிடாதீர்கள்.

மகள் பக்கம் நில்லுங்கள். ஆனால் கணவர் சொன்னதையும் அவள் பேச்சில் சேர்க்கவேண்டும். அதை மறைத்தால் பேச்சு பாதிப் பொய்யாகிவிடும்.

உங்கள் ஊரிலிருந்து பீலபெல்ட் பக்கம் போகும் ரயிலில் றேடா-வீடன்புறுக் என்றொரு நிலையம் வரும், அதைத் தாண்டினால் குட்டர்ஸ்லோ. இந்தக் கதை முழுவதும் அந்த இரண்டு நிலையங்களுக்கு நடுவில்தான் நடக்கிறது. 1941இல் வீடன்புறுக்கில் பிறந்தவர் லிஸ். முதலில் பழகிய தொழில் என்ன தெரியுமா? உங்கள் தொழில்தான், பல் வைத்தியருக்கு உதவியாளர். அப்புறம் பேர்ட்டெல்ஸ்மான் நிறுவனத்தில் தொலைபேசி இணைப்புக் கொடுக்கும் வேலைக்குப் போனார். யார் யாரோடு பேச வேண்டுமோ அவர்களை இணைத்துவிட்டு, தான் பேசாமல் இருக்கும் வேலை.

1835இல் சமயப் பாட்டுப் புத்தகம் அச்சிடத் தொடங்கிய நிறுவனம் அது. பதின்ம வயதில் அங்கே வேலை செய்தபோதுதான் லிஸ், தன்னைவிட இருபது வயது மூத்த றைன்ஹார்ட் மோனைச் சந்தித்தார். அவர் நிறுவனத்தின் முதலாளி, ஏற்கெனவே மணமானவர். பல வருடங்கள் வெளியில் சொல்லாத உறவு, மூன்று பிள்ளைகள். திருமணம் நடந்தது 1982இல். இதில் உங்கள் கணவர் சொன்னதில் பிழையே இல்லை. அந்தக் கதவு திருமணத்தால்தான் திறந்தது. இன்னொரு தொலைபேசிப் பெண்ணுக்கு, எவ்வளவு கெட்டிக்காரியாக இருந்தாலும், அது திறந்திராது.

ஆனால் திருமணம் நடந்தபோது லிஸுக்கு வயது 41. அதற்குப் பிறகு நாற்பது வருடம் இருக்கிறதே, அதை யார் கணக்கில் எழுதுவது?

1987இல் இளம் இசைநாடகப் பாடகர்களுக்காகப் ‘புதிய குரல்கள்’ என்ற போட்டியைத் தொடங்கினார். கணவர் றைன்ஹார்ட் தொடங்கியிருந்த பேர்ட்டெல்ஸ்மான் அறக்கட்டளையிலும் நிறுவனத்திலும் பொறுப்பு ஒவ்வொன்றாகக் கைக்கு வந்தது. ஆர்டிஎல் தொலைக்காட்சி, ராண்டம் ஹவுஸ் பதிப்பகம் என்று உலகம் முழுக்கப் பரந்த வியாபாரம் அது. 2001இல் பெல்ஜிய முதலீட்டு நிறுவனம் ஒன்றுக்கு 25.1 வீதப் பங்கு போனது, அதைப் பங்குச்சந்தைக்குக் கொண்டுபோகும் உரிமையோடு. சந்தையை விரும்பிய தலைமை அதிகாரி தோமஸ் மிடெல்ஹோவ் 2002இல் வெளியேறினார். 2006இல் 450 கோடி யூரோ கொடுத்து அந்தப் பங்கைத் திரும்ப வாங்கினார்கள். அதற்காகப் பெரிய கடன் சுமந்தார்கள். நிறுவனம் குடும்பத்தின் கையை விட்டுப் போகக்கூடாது என்பதில் லிஸ் உறுதியாக நின்றார். அது சரியான முடிவா என்று பொருளியல் தெரிந்தவர்கள் விவாதிக்கட்டும். யாரோ எழுதிக் கொடுத்ததை வாசிக்கும் பொம்மை எடுக்கும் முடிவு இல்லை அது. றைன்ஹார்ட் 2009இல் இறந்த பிறகும் குடும்பத்தின் குரலாக அவரே இருந்தார். 80 வயதில், 2021இல், மகன் கிறிஸ்டோபிடம் பொறுப்பைக் கொடுத்தார்.

இனி உங்கள் வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். 1993இல் அவர் ஜேர்மன் பாரிசவாத உதவி அறக்கட்டளையைத் தொடங்கினார். அந்தக் காலத்தில் பாரிசவாதம் வந்தவரை ஒரு கட்டிலில் கிடத்தி, விதி என்று விட்டுவிடுவது சாதாரணம். மாரடைப்புக்கு ஓடும் ஓட்டம் இதற்கு இல்லை. நல்ல மனசுள்ள பணக்காரர் பத்து விஷயத்துக்குக் கொஞ்சம் கொஞ்சம் பணம் கொடுப்பார். லிஸ் ஒரு நோயைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. பாரிசவாதத்துக்கென்று தனி வார்டு, அதில் பயிற்சி பெற்ற ஆட்கள், உடனே மூளைப் படம் எடுக்கும் வசதி என்று வைத்தியர்களோடு சேர்ந்து அந்த அறக்கட்டளை உழைத்தது. இன்று ஜேர்மனியில் தரச்சான்று பெற்ற வார்டுகள் 300க்கும் மேல். வருடத்துக்குச் சுமார் 270,000 பேருக்குப் பாரிசவாதம் வரும் நாட்டில் அது எவ்வளவு பெரிய விஷயம்! வீடு திரும்பிய நோயாளியை ஒரு வருடம் கூடவே கவனிக்கும் ‘வழிகாட்டி’ என்ற ஏற்பாட்டையும் உங்களுக்குப் பக்கத்து வட்டாரத்தில்தான் அவர்கள் பரீட்சித்துப் பார்த்தார்கள். அம்மாவுக்கு அப்படி ஒருவர் கிடைப்பாரா என்று வைத்தியசாலைச் சமூகசேவைப் பிரிவில் கேளுங்கள்.

மகள் இன்னும் இரண்டு விஷயங்களைத் தேடிப் படிக்கட்டும். ஒன்று, பங்குகளில் ஏறத்தாழ 80 வீதம் அறக்கட்டளைகளிடம் இருந்தாலும் வாக்குரிமை ஒரு சிறிய நிர்வாக நிறுவனத்தின் கையில்தான், அதில் குடும்பத்துக்குப் பலமான இடம் உண்டு. கொடையும் அதிகாரமும் ஒரே கையில் இருக்கலாமா என்று ஜேர்மனியிலேயே நிறையப் பேர் கேட்கிறார்கள், நியாயமான கேள்வி. மற்றது, நாசிகளை எதிர்த்து நின்றதாக இந்த நிறுவனம் நெடுங்காலம் சொல்லிவந்தது. அது உண்மையல்ல என்று 2002இல் வரலாற்றாசிரியர் குழு வெளிப்படுத்தியது. போரில் ஜேர்மன் படையினருக்குப் புத்தகம் அச்சிட்டுப் பெருலாபம் பார்த்திருக்கிறார்கள். இது லிஸ் பொறுப்புக்கு வருமுன் நடந்தது. ஆனால் அவர் கைக்கு வந்த செல்வத்தின் வேர் அங்கேயும் இருக்கிறது. பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு இது விளங்கும், சொல்லுங்கள்.

கணவரையும் ஒருநாள் மகளோடு உட்காரச் சொல்லுங்கள். ‘முதலாளியைக் கட்டியவர்’ என்ற அவருடைய வசனத்தையே பேச்சின் முதல் வரியாக வைக்கலாம். வகுப்பில் எல்லாரும் நிமிர்ந்து பார்ப்பார்கள்.

அம்மம்மா சம்மதித்தால் முடிவில் அவரைப் பற்றியும் மகள் இரண்டு நிமிடம் பேசட்டும். சிரிக்கச் சொன்னால் வாய் ஒருபக்கம் இழுக்கிறதா, இரண்டு கையையும் தூக்கினால் ஒன்று விழுகிறதா, ஒரு சின்ன வசனம் சொன்னால் குழறுகிறதா என்று வகுப்புக்கே செய்து காட்டட்டும். ஒன்று பிழைத்தாலும் காத்திருக்காமல் அவசர உதவிக்கு 112ஐ அழைக்கவேண்டும். இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்துக்குப் பெரும்பாலும் நாலரை மணித்தியாலம்தான் அவகாசம். அந்தக் கையேட்டையும் மறக்காமல் கொடுத்துவிடுங்கள்.