பேரன் கொரோனா பரப்ப மாட்டானா?

கேள்வி: கிரெச்சுக்குப் போற மூணு வயசுப் பேரன் எப்பப் பாத்தாலும் சளியோடதான் வீட்டுக்கு வர்றான். வீட்டுல 80 தாண்டின ஆயாவும் இருக்காங்க. "ஃப்ளூ மாதிரி இல்ல, கொரோனாவ சின்னப் பிள்ளைங்க பரப்பாது, 2020-லயே சொல்லிட்டாங்க"ன்றார் மருமகன். நம்பலாமா?
- ஒரு வாசகி, சாட்ஸ்வொர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா

பதில்: மருமகன்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேளுங்கம்மா, 2020-ல பிள்ளைங்க எங்க இருந்துச்சுங்க? மார்ச் 18-லயே இங்க ஸ்கூல மூடியாச்சு, 27-ல லாக்டவுன், பிள்ளைங்க வாசப்படி தாண்டல. வேலைக்கு, கடைக்கு, ஆஸ்பத்திரிக்குன்னு போய் வந்தது பெரியவங்க, அப்போ வீட்டுக்குள்ள மொதல்ல கொண்டு வந்ததும் அவங்களாத்தானே இருப்பாங்க? போதாக்குறைக்கு சின்னதுங்களுக்கு லேசா மூக்கு ஒழுகிட்டுப் போயிடும், யாரும் டெஸ்டுக்குக் கூட்டிட்டுப் போகல, டெஸ்ட் இல்லன்னா கணக்குலயும் இல்ல. அத வெச்சுக்கிட்டு 'பரப்பாது'ன்னு தீர்ப்பு எழுதிட்டாங்க!

நம்ம நாட்டுலயே கிளர்க்ஸ்டார்ப்லயும் அகின்கோர்ட்லயும், உடம்பு சரியில்லாதவங்க மட்டும்னு இல்லாம வீட்டுல இருக்கிற எல்லார் மூக்குலயும் வாரம் ரெண்டு தடவ குச்சி விட்டுப் பாத்தாங்க, தொற்று இருந்தவங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு இருமல்கூட இல்ல. கனடாவுல ஒன்டாரியோ மாகாணத்துல 2020 ஜூன்ல இருந்து டிசம்பர் வரைக்கும், மொதல் தொற்று ஒரு பிள்ளைக்கு வந்த 6,280 வீடுகள எடுத்துப் பாத்தாங்க. கொண்டு வந்தது அதிகமா 14-17 வயசுப் பசங்கதான். ஆனா மூணு வயசு வரைக்கும் உள்ள குட்டிங்களுக்கு வந்துட்டா, வீட்டுல அடுத்தவங்களுக்கு ஒட்டுற வாய்ப்பு அந்தப் பெரிய பசங்களவிட சுமார் 1.4 மடங்கு. பின்ன? பதினஞ்சு வயசுக்காரன ரூம்ல தனியா இருடான்னு சொல்லலாம், மூணு வயசுக்காரன இடுப்புல தூக்கித்தானே ஆகணும், மூக்கு தொடச்சு விடணும், அவன் பாதி தின்ன ரொட்டிய ஆயா வாயிலயே திணிப்பான்.

மருமகன் சொன்னதுல ஒரு கால்வாசி சரி. ஃப்ளூ பெரியவங்களுக்குப் பல தடவ வந்து உடம்பு கொஞ்சம் பழகியிருக்கும், பிள்ளைங்களுக்குப் பழக்கமே கிடையாது, அதனால அங்க பரப்புறதுல அவங்களுக்குப் பெரிய பங்கு. கொரோனா வந்தப்போ தாத்தால இருந்து பேரன் வரைக்கும் எல்லாருமே புதுசு, ஊரெல்லாம் பரவ அதுக்குப் பிள்ளைங்க தயவு தேவைப்படல, அவ்வளவுதான் வித்தியாசம். இப்போ கதை மாறிடுச்சு, பெரியவங்க ஊசி போட்டோ நோய் வந்தோ ஓரளவு பழகிட்டாங்க, புதுசா நிக்கிறது உங்க பேரன் மாதிரி அதுக்கப்புறம் பொறந்ததுங்கதான்.

அதுக்காகக் கிரெச்ச நிறுத்தாதீங்க. மூக்கு ஒழுகுற நாள்ல ஆயா மடி வேணாம், ஆயா தட்டு வேணாம், ஜன்னலத் தெறந்து வைங்க, டர்பன் குளிர் ஒண்ணும் பண்ணாது. ஆயாவுக்கு ஊசி பாக்கி இருக்கான்னு டாக்டர்கிட்ட கேளுங்க. அப்புறம் மருமகனும் கல்யாணம், கோவில் கூட்டம்னு போய்ட்டு இருமிக்கிட்டே வந்தார்னா அவருக்கும் இதே சட்டம்தான், பிள்ளை மேல மட்டும் பழியப் போடாதீங்க.