கற்சிலைமடுப் பலகைக்கு 400 சொல் வேண்டாம்

முல்லைத்தீவு மாவட்டத்துக் கற்சிலைமடுவில், ஆங்கிலேயரை எதிர்த்த வன்னி மன்னன் பண்டாரவன்னியனின் நினைவுக்கல்லுக்குப் பக்கத்தில் வைக்கும் பலகைக்கு 400 சொல்லில் வரலாறு எழுதிவிட்டோம், சனம் வாசிக்குமா என்று கேட்டிருந்தீர்கள். வன்னி வெயிலில் வாசிக்காது. மூன்று மொழியும் வரவேண்டும் என்பதால் மொழிக்கு 60 சொல்லே அதிகம். அந்தக் கல்லில் இருப்பது, 1803 ஒக்டோபர் 31இல் ஆங்கிலேயப் படையின் கப்டன் வான் டிரிபேர்க் அவரைத் தோற்கடித்தார் என்ற செய்தி, அதாவது வென்றவர்களின் பேச்சு, ஆனால் நாங்கள் அங்கே போவது தோற்றவருக்காக! இந்த முரணிலிருந்தே தொடங்குங்கள், பிறந்த கதை, பரம்பரை எல்லாம் பிறகு. பலகை இடுப்பளவு உயரத்தில் சாய்வாக இருக்கட்டும், கல்லை மறைக்கக் கூடாது. அப்புறம், அச்சடிக்க முதல் கடதாசியில் ஒட்டி, எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒன்றை வாசிக்கச் சொல்லிப் பாருங்கள்.