ஊட்டியில் பள்ளித் திடலின் சறுக்குமரத்துக்கும் நீர் விளையாட்டு இடத்துக்கும் ஒரே தரை போடலாமா?

வேண்டாம், இரண்டுக்கும் தேவை வேறு.

சறுக்குமரத்தைச் சுற்றி ஆறடிக்கு இரண்டடுக்கு ரப்பர் தளம் நல்லது: அடியில் டயர் துகள், மேலே ஈபிடிஎம் என்ற செயற்கை ரப்பர் துகள். கெடுவது பெரும்பாலும் துகள்களை ஒட்டும் பசையால்தான். பாலியூரித்தேன் பசை காற்றின் ஈரத்தில் இறுகுவது. இறுகும் முன் மழை பட்டால் நுரைத்துப் பொங்கும், பிறகு நகத்தால் சுரண்டினாலே துகள் உதிரும். ஜனவரி உறைபனியில் இறுகவே நாளாகும். பிப்ரவரி, மார்ச்சில் வெயில் ஏறியபின் போடச் சொல்லுங்கள். அடியில் ஜல்லியும் நீர் வடிய வாட்டமும் கட்டாயம்.

நீர்ப்பகுதியில் குளோரின் அந்தப் பசையை நாளடைவில் அரித்துவிடும். அங்கே நீர் உறிஞ்சாத ஃபோம் ஓடுதான் சரி.

பணம் குறைவென்றால் சறுக்குமரத்தடியில் மரச்சில்லு போதும். 12 அங்குலம் கொட்டினால் அமுங்கி 9 நிற்கும். மலை மழையில் மட்கும், இறங்குமிடத்தில் குழி விழும்; அடிக்கடி வாரி நிரப்ப ஆள் வேண்டும். சிமென்ட் மேல் வெறும் செயற்கைப் புல் மட்டும் விரிக்காதீர்கள், தலையடியைத் தாங்காது.